ஏக்கருக்கு ஓர் ஆள், காம்பராவுக்கு ஆறு பேர்



உலகத்தில் சனநெருக்கம் மிகுந்த நகரங்கள் எவை என்று கேட்டால், இன்றைய பாடசாலைப் பிள்ளைகளே மணிலா, டாக்கா, மும்பை என்று ஒப்புவித்துவிடுவார்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மணிலா நகரில் ஒரு சதுரக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 43 ஆயிரம் பேர். நமது கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் 2012இல் சுமார் 15 ஆயிரம் பேர். கண்டி மாநகரமோ மூன்றாயிரத்து ஐந்நூறை ஒட்டி நிற்கிறது. இந்தப் பட்டியலில் ஹந்தானை மலைக்கு இடமில்லை. எவரும் அதை அங்கே தேடப்போவதுமில்லை.

கண்டி நகரிலிருந்து நோக்கினால் தெற்கே எழும்பி நிற்கும் அந்த மலைத்தொடரை அறியாதவர் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு அது இளமையின் சின்னம். சிங்களப் பாடல்களிலே அது காதலர் மலை. உல்லாசப் பயணிகளுக்கு, 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையில் 2001இல் திறக்கப்பட்ட நூதனசாலை இருக்கும் இடம். பனிமூட்டம், பைன் மரங்கள், பச்சைச் சரிவுகள். நெருக்கம் என்ற சொல்லே அங்கே பொருந்தாது என்றுதான் தோன்றும்.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் நமது கண் மட்டுமல்ல, நமது கணக்கும்தான். குடியடர்த்தி என்பது ஒரு வகுத்தற் கணக்கு. இத்தனை பேர், இத்தனை சதுரக் கிலோமீற்றர், வகுத்தால் விடை. அந்த நிலத்தில் எவ்வளவு பகுதியில் மனிதர் கால்நீட்டிப் படுக்க அனுமதிக்கப்பட்டார்கள் என்பதை அந்த வகுத்தல் கேட்பதில்லை. ஊருக்கு ஊர் இந்தக் குறை உண்டு. ஆனால் மலைநாட்டுத் தோட்டங்களிலே இது குறையாக நிற்கவில்லை. ஒரு முழு மக்கள் கூட்டத்தின் வாழ்க்கையை மறைத்துவிடும் திரையாகவே ஆகிவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேயிலைக்கு ஏக்கருக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது துரைமார் காலத்துப் பொதுவிதி. ஓர் உதாரணத்துக்கு ஆயிரம் ஏக்கர் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் தொழிலாளர், அவர்களுடைய பிள்ளைகள், வயோதிபர் என்று இன்னோர் ஆயிரம். ஆக இரண்டாயிரம் பேர். ஆயிரம் ஏக்கர் என்பது நான்கு சதுரக் கிலோமீற்றர். வகுத்தால் சதுரக் கிலோமீற்றருக்கு ஐந்நூறு பேர் வருகிறது. 2012இல் கண்டி மாவட்டத்தின் சராசரியே எழுநூறுக்கு மேல். எனவே தோட்டம் மாவட்டத்தைவிட விசாலமானது என்று காகிதம் சொல்லும்.

இனி அதே தோட்டத்தை வேறு விதமாக அளப்போம். லயத்துக் காம்பராவின் வழமையான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்கு ஆறடி என்று தாராளமாகவே வைப்போம். ஒரு குடும்பத்துக்கு மொத்தம் 180 சதுர அடி. காம்பராவுக்கு ஆறு பேர் என்றால் இரண்டாயிரம் பேருக்கு 333 காம்பராக்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 60 ஆயிரம் சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதாவது, ஆயிரம் ஏக்கரிலே அந்த இரண்டாயிரம் பேருடைய கூரைகள் பிடித்த இடம் ஒன்றரை ஏக்கருக்கும் குறைவு. மீதி முழுவதும் தேயிலைக்கும், காட்டுக்கும், தொழிற்சாலைக்கும், பங்களாவுக்கும்.

பங்களா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. துரைமார் ரெனிஸ் ஆடிய மைதானத்தின் வெள்ளைக் கோடுகளுக்குள் இருக்கும் நிலம் மட்டும் 2,808 சதுர அடி. அதற்குள் இஸ்தோப்போடு சேர்த்துப் பதினைந்து காம்பராக்களை வைத்துவிடலாம். தொண்ணூறு பேர்!

இந்த நெருக்கம் எப்படி உண்டானது? இதன் கதை கோப்பியிலிருந்து தொடங்குகிறது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு எதிரே கன்னொறுவையில் தாமே கோப்பி பயிரிட்டார். நாட்டை ஆள்பவரே தோட்டக்காரரானபின் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டையும் சேனை நிலத்தையும் அரசாங்கச் சொத்தாக்கி, விற்பனைக்கு வழிவிட்டது. ஹந்தானைச் சரிவுகளும் அந்தக் கோப்பிக் காலத்திலேயே வெட்டித் திறக்கப்பட்டவை.

கோப்பிக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே பெருங்கூட்டம் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து கங்காணியின் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பறிப்பு முடிந்ததும் கையிலிருந்த காசோடு ஊர் திரும்ப எண்ணியவர்கள். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்களுடைய எலும்புகள் அந்தப் பாதை நெடுகக் கிடந்தன என்பது நமது சரித்திரத்தில் ஆறாத வடு. தப்பி மலையேறியவர்களுக்குத் தோட்டத்தில் தேவைப்பட்டது இரவில் ஒதுங்க ஓர் இடம். நீளமான ஒரு கொட்டில், உள்ளே தடுப்புகள். சிப்பாய்களுக்கு முகாம் போடுவதுபோலப் போட்டார்கள். அதுதான் லயம்.

அறுவடைக் காலத்துத் தங்குமிடமாக அதைக் குறைசொல்ல முடியாது என்று சிலர் வாதிடலாம். வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. இருபது வருடங்களுக்குள் கோப்பி மடிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னதாகவே, கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டப் பகுதியிலே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். நூற்றாண்டின் முடிவுக்குள் அது மூன்று இலட்சம் ஏக்கருக்கு மேல் பெருகிவிட்டது.

தேயிலை கோப்பியைப் போன்றதல்ல. அது வருடம் பூராவும் துளிர்க்கும். ஏழெட்டு நாளுக்கொருமுறை அதே மலையில் அதே செடியில் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே ஆள் வந்து போவது போதாது, ஆள் இருக்க வேண்டும். கொழுந்துக்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும், பிள்ளைகள் பிறப்பார்கள், அந்தப் பிள்ளைகளும் நாளைக்குச் செக்ரோலில் பேர் பதிவார்கள். பயிர் மாறியது, தொழில் மாறியது, தொழிலாளியின் வாழ்க்கை முழுவதுமே மாறியது. லயத்தின் அளவு மட்டும் மாறவில்லை. மண்சுவர் கற்சுவரானது, புல்லுக்கூரை தகரக்கூரையானது. பத்துக்குப் பன்னிரண்டு அப்படியே நின்றது. சில மாதம் தங்குவதற்கென்று எண்ணிய இடத்திலே ஒன்றரை நூற்றாண்டாகத் தலைமுறைகள் பிறந்து வளர்ந்து மடிந்தன. என் எண்ணத்தில் மலையக வரலாற்றின் பெரும்பகுதி இந்த ஒரு முரண்பாட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

உள்ளே எப்படி இருந்தது? பல லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டியவை. இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, நடுவிலே ஒரே சுவர். பின்கதவு இல்லை, காற்று உள்ளே வந்தால் வெளியேற வழியில்லை. அடுப்பும் அங்கேயே, படுக்கையும் அங்கேயே, அம்மிக்கல்லும் சாமிப்படமும் அங்கேயே. மகனுக்குக் கலியாணம் ஆனால் ஒரு பழைய சேலை குறுக்கே தொங்கும்; அதுதான் புதுமணத் தம்பதியின் அறை. தொங்கலில் இருக்கும் காம்பராவுக்கு ஒரு பக்கச் சுவர் சொந்தம் என்பதால் அதற்கு எப்போதும் போட்டி. இரவில் ஒரு காம்பராவில் குழந்தை இருமினால் லயம் முழுக்கக் கேட்கும். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால், ஒரே கூரை என்பதால், வரிசை முழுவதும் எரியும். 'லயத்துச் சிறைகள்' என்று தி. ஞானசேகரன் தமது நாவலுக்குப் பெயர் வைத்தது 1994இல். தோட்ட வைத்தியராக இருந்தவர் அவர். வைத்தியர் வைத்த பெயர் என்பதை மறக்கக்கூடாது.

உலகத்தின் பெயர்பெற்ற நெருக்கடிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஹொங்கொங்கிலே கௌலூன் மதில்நகரம் என்று ஒன்று இருந்தது. மனித வரலாற்றிலேயே அதிக நெருக்கம் கொண்ட குடியிருப்பு என்று அதைச் சொல்வார்கள். 1987ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஏழு ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் 33 ஆயிரம் பேர். 1993-94இல் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆனால் அது பத்து, பன்னிரண்டு, பதினான்கு மாடிகளாக மேலே எழுந்த நகரம். பத்து மாடி என்று எளிமையாகக் கொண்டால், ஒருவருக்குச் சராசரி எட்டுச் சதுர மீற்றர் தளம் வருகிறது. அதிலே சந்து, படிக்கட்டு, பட்டறை எல்லாவற்றுக்கும் பாதியைக் கழித்துவிடுவோம்; நான்கு மிஞ்சுகிறது. நமது காம்பராவிலே ஆறு பேர் இருந்தால், இஸ்தோப்பையும் சேர்த்து ஒருவருக்குக் கிடைப்பது மூன்று சதுர மீற்றருக்கும் குறைவு. மேலே வேறு மாடியில்லை, கூரைக்கு மேல் வானந்தான். நாற்புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வெற்று மலை.

பம்பாயிலும் இப்படி ஒரு கதை உண்டு. பஞ்சாலைத் தொழிலாளிக்கென்று 1920களில் அரசாங்கம் கட்டிய சால்களில் ஓர் அறை 160 சதுர அடி. அதுவே போதாது என்று அங்கே தலைமுறை தலைமுறையாகக் குறைகூறினார்கள். அது நமது காம்பராவைவிட 40 சதுர அடி பெரிது. இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். பம்பாய் கடல் சூழ்ந்த ஒடுங்கிய தீவு. அங்கே நிலம் இல்லை, ஆகவே நெருக்கம். ஹந்தானையில் நிலம் இல்லாமலா நெருங்கினார்கள்? நகரத்தின் நெருக்கத்துக்கு நிலப் பஞ்சம் காரணம் என்றால், தோட்டத்தின் நெருக்கத்துக்கு உடைமை காரணம். தேயிலை நடக்கூடிய ஒவ்வோர் அடியும் வருமானம். மனிதன் படுக்கும் அடி செலவு. அதிகாலையில் தப்பு அடித்ததும் அத்தனை பேரும் பிரட்டுக்களத்துக்கு வரவேண்டும். வராதவன் யார் என்று ஒரே பார்வையில் தெரியவேண்டும். சிதறி வாழும் மனிதரை அப்படி எண்ண முடியாது.

பக்கத்துச் சிங்களக் கிராமத்தவரும் சுகமாக இருந்தார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தோட்டங்கள் மேட்டை வளைத்துக்கொள்ள, கிராமங்கள் பள்ளத்தில் ஒடுங்கின. 1951இல் வெளியான கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை அவர்களுடைய காணிப் பஞ்சத்தை விரிவாகப் பேசுகிறது. என்றாலும் கண்டியக் கிராமத்து வீடு எவ்வளவு சிறியதானாலும் அதைச் சுற்றி ஒரு பலா, நாலு கமுகு, ஒரு மிளகுக் கொடி இருக்கும். அந்தத் தோட்டத்து மண் அவனுடையது. ஆகவேதான் கண்டி மாவட்டத்தில் அடர்த்தி எழுநூறைத் தாண்டியும் கிராமத்திலே மூச்சுவிட இடம் இருக்கிறது.

நெருக்கத்துக்கு நோய் உடன்பிறப்பு. கழிப்பிடமில்லாத லயங்களைச் சுற்றிய ஈரமண்ணிலே கொக்கிப்புழு பெருகியது. வெறுங்காலோடு நடந்தவர்களின் இரத்தத்தை அது உறிஞ்சியது. இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தார் தொடங்கியபோது, அவர்கள் முதலில் தேர்ந்த இடம் மாத்தளைத் தோட்டங்கள். மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். கழிப்பிடம் கட்டாவிட்டால் திரும்பவும் ஏறும். மருந்து மலிவு, கட்டடம் செலவு. எது விரைவாக நடந்தது, எது இழுபட்டது என்று நேயர்களே ஊகிக்கலாம். நூறு வருடம் கழித்து, 2020இல் பெருந்தொற்று வந்தபோது, ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் விலகியிருங்கள் என்று வானொலி சொன்னது. மூன்று மீற்றர் அகலமுள்ள காம்பராவில் ஆறு பேர் எப்படி விலகுவது?

ஆனால் நெருக்கம் துரைமார் எண்ணாத ஒன்றையும் செய்தது. ஒரே சுவருக்கு இருபுறமும் படுத்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு காம்பராவில் சொன்னது விடிவதற்குள் எட்டு லயத்துக்கும் எட்டியது. 1930களில் தொழிற்சங்கம் மலையேறியபோது அதற்குத் தபாலும் தேவைப்படவில்லை, பத்திரிகையும் தேவைப்படவில்லை. ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரியில், பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அந்தச் செய்தி தோட்டந்தோட்டமாகப் பரவியது இந்த லயத்துச் சுவர்களின் வழியாகத்தான்.

இத்தனைக்கும் லயத்து நெருக்கம் ஒரே ஒரு முறைதான் பெருமளவில் தளர்ந்தது. அது வீடு கட்டியதால் அல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்குபோட்டது. ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலைநாட்டுச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். 1971இல் தொகைமதிப்பு காட்டிய இந்தியத் தமிழர் 11 இலட்சத்து 74 ஆயிரம். 1981இல் எட்டு இலட்சத்து 18 ஆயிரம். தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் அந்தக் குறைவில் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் கப்பலேறியவர்களே பெரும்பங்கு. காம்பராவில் ஆறு பேர் நாலு பேரானது இப்படி.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. துரை மாறினார், பலகை மாறியது. லயம் நிர்வாகத்தின் உடைமை என்பது மட்டும் மாறவில்லை. வேலை செய்யும்வரை காம்பரா. தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வரும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டப்படி, தோட்டத்துக்குள் ஒரு பாதையோ குழாயோ போடச் சபைக்கு வழியில்லாதிருந்தது. வாக்கு அவர்களுடையது, வரிப்பணம் வேறிடத்துக்கு. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். தொகைமதிப்பிலும் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று கூறு. இருபது ஏக்கருக்குக் குறையாத காணி, பத்துக்குக் குறையாத வதியும் தொழிலாளர் இருந்தால் அது தோட்டம். ஆகவே கண்டி வைத்தியசாலையைத் தாண்டி மேலேறும் ஹந்தானை வீதியில், நகரத்தின் காலடியிலேயே வாழ்ந்தாலும், அவர் நகரவாசி அல்லர்.

நகரத்துக்குள் இறங்கி வந்தவர்களுக்கும் லயந்தான் காத்திருந்தது. மாநகரத்தைக் கூட்டித் துப்புரவாக்கிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கண்டி மஹியாவையிலே கிடைத்த இருப்பிடமும் அதே வரிசை, அதே ஒட்டுச்சுவர். அங்கே தேயிலையில்லை. நிலம் வேண்டும் என்ற சாட்டும் மலைக்காரருக்குரியது. ஆனாலும் இந்த மனிதருக்கு இவ்வளவு இடம் போதும் என்ற அளவு மலையிலிருந்து நகரத்துக்கு இறங்கி வந்துவிட்டது.

அண்மைக் காலத்து மாற்றத்தையும் சொல்ல வேண்டும். இந்திய உதவியோடு தோட்டப் பகுதிகளில் முதலில் 4 ஆயிரம் தனிவீடுகள் தொடங்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. ஏழு பேர்ச்சஸ் என்பது 1,900 சதுர அடிக்குச் சற்று மேல்; முன்பு பத்துக் காம்பராக்கள் நின்ற இடம் ஒரு குடும்பத்துக்கு. கண்டி நகரத்து வீட்டுக்காரருக்கு இது அற்பமாகத் தெரியலாம். காணி உறுதியில் முதன்முறையாகத் தன் பேர் இருப்பதைப் பார்த்தவருக்கு அப்படித் தெரியாது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டபோது, பயிருக்கு ஆகாத சரிவிலே ஏன் அத்தனை பேர் ஒரே வரிசையில் இருந்தார்கள் என்று நாடே கேட்டது. அந்தக் கேள்விக்கும் இந்த ஏழு பேர்ச்சஸுக்கும் தொடர்பு உண்டு.

தேவை இலட்சக்கணக்கில், கட்டியது ஆயிரக்கணக்கில். தனிவீட்டுக்குப் போனவர் விட்டுச்சென்ற காம்பராவையும் எல்லா இடத்திலும் இடித்துவிடவில்லை. சேலைத் திரைக்குப் பின்னால் காத்திருந்த தம்பியின் குடும்பம் அடுத்த நாளே அங்கே பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஹந்தானை நூதனசாலையில் பழைய உருளைகளும் தராசுகளும் துடைத்துப் பளபளக்க வைக்கப்பட்டிருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா ஒன்றைக் காண விரும்புபவர், அதே மலையில் இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தால் போதும். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.